கேக்குதா புள்ள?

மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியிருந்த நேரம். விறாந்தையில் கிடந்த பழைய ரீவியின் சுவிச்சை அமத்திவிட்டுப் பேத்தியைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஒன்பது வயது.

“கேக்குதா புள்ள?”

தலையைச் சரித்துக் காதைக் கொடுத்தாள். “ஒண்டும் கேக்கல்ல அப்பப்பா.”

“நுளம்பு காதுக்குள்ள வாற மாதிரி, மெல்லிசா ஒரு கீச்சல்?”

“இல்ல. ஃபேன் சத்தம்தான் கேக்குது.”

எனக்கு மனம் சோர்ந்துபோனது. அவளுக்குக் கேட்கவில்லை என்றால் ரீவிக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். பூனை மட்டும் சந்தோசமாக இருந்தது. ஒரு மாதமாக அந்த ரீவியின் தலைதான் அதன் கட்டில்.

“ஏன், உங்களுக்குக் காது கேட்காதா?” என்று நீங்கள் கேட்பீர்கள். நன்றாகக் கேட்கும். பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு இரண்டு தெரு தள்ளி வரும்போதே நான் காசை எடுத்துவிடுவேன். ஆனால் அந்தக் கீச்சல் எனக்குக் கேட்காது. அதைக் கேட்க ஒரு சின்னப்பிள்ளை வேண்டும். அது ஏன் என்று முதலில் பார்ப்போம்.

நான் சொல்வது சுவரில் தொங்குகிற தட்டை ரீவி இல்லை. கூனல் முதுகுள்ள பழைய ரீவி. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கவேண்டும். உள்ளே பெரிய கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு, காற்று முழுவதையும் உறிஞ்சி எடுத்த குழாய். அதன் கழுத்திலிருந்து இலத்திரன்கள் மெல்லிய கதிராகப் பாய்ந்து வந்து, முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் பூசியிருக்கிற ஒளிர்பொருளில் மோதும். மோதிய இடம் ஒளிரும். ஒரேயொரு புள்ளி.

ஒரு புள்ளியை வைத்து முழுப் படத்தை எப்படி வரைவது? வயல் உழுவதை நினைத்துப் பாருங்கள். கதிர் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் ஒரு சால் ஓடும். சட்டென்று இடப்பக்கம் திரும்பி வந்து, கொஞ்சம் கீழே அடுத்த சால். எங்கள் நாட்டு ரீவி முறையில் ஒரு படத்துக்கு 625 சால். ஒரு விநாடிக்கு 25 படம். கொப்பியில் பெருக்கிப் பாருங்கள்: 15,625. ஒரு விநாடிக்குள் கதிர் அத்தனை தரம் போய்த் திரும்புகிறது. உங்கள் கண் அவ்வளவு வேகமாகப் பார்க்காது, அதனால் ஓடுகிற புள்ளியை முழுப் படம் என்று நினைத்துக்கொள்கிறது.

கதிரைப் பக்கவாட்டில் இழுப்பது செப்புக் கம்பிச் சுருளின் காந்தம். அதோடு சேர்ந்து வேலை செய்கிற நிலைமாற்றி ஒன்று உண்டு. ரீவி திருத்துகிறவர்கள் அதற்கு ‘ஃபிளைபேக்’ என்பார்கள். விநாடிக்கு 15,625 தரம் மின்னோட்டம் ஏறி இறங்கும்போது அதன் உடலும் கண்ணுக்குத் தெரியாமல் நடுங்கும். நடுங்கினால் சத்தம் வரும். அந்தச் சத்தத்தின் மீடிறனும் 15,625 ஹேர்ட்ஸ்தான்.

மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது உங்கள் காது. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் வரிசையாக மயிர்க்கலங்கள். வாசலுக்குக் கிட்ட இருப்பவை கீச்சுச் சத்தங்களைப் பிடிக்கும், உள்ளே போகப் போக மொத்தச் சத்தங்களைப் பிடிக்கிறவை இருக்கும். வயது போகும்போது வாசல்பக்கத்துக் கலங்கள்தான் முதலில் சாகின்றன. தலைமயிர் கொட்டினால் சிலவேளை முளைக்கும், இவை முளைக்கமாட்டா. அதனால்தான் ரீவி உயிரோடு இருக்கிறதா என்று அறிய நான் பேத்தியைக் கூப்பிடுகிறேன்.

காதைக் கொடுத்துக் கேட்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லையே. எங்கள் புளியந்தீவைச் சுற்றி வாவி. பூரணை இரவில் கல்லடிப் பாலத்துப் பக்கம் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்தால் பாடுமீன் சத்தம் கேட்கும் என்பார்கள். பாடுவது மீனா, ஊரியா, மட்டியா என்பது இன்னும் முடியாத வழக்கு. துடுப்பின் வேலை மட்டும் எனக்குத் தெரியும். தண்ணீருக்குள் பிறக்கிற சத்தம் மேலே காற்றுக்கு வரப் பார்த்தால், நீர்ப்பரப்பில் பட்டு அநேகமாக எல்லாமே கீழே திரும்பிவிடும். மரம் அந்தச் சத்தத்தை வாங்கி நேரே காதெலும்புக்குக் கொண்டுவரும். பாடுமீனுக்குத் துடுப்பு, பழைய ரீவிக்குப் பேத்தி.

சரி, கடையில் புது ரீவி நிறைந்துகிடக்கும்போது இந்தக் கூனனோடு எனக்கு என்ன வேலை?

எண்பதுகளில் கொழும்புக்குப் போனபோது ஒரு கடைக்குள் அலுமாரி உயரத்தில் ஒரு பெட்டியைக் கண்டேன். நெஞ்சு உயரத்தில் ஒரு திரை, அதற்குக் கீழே கைபிடி, இன்னும் கீழே காசு போடுகிற துவாரம். காசைப் போட்டால் திரையில் பூச்சிகள் அணிவகுத்து இறங்கும், நாங்கள் கீழே நின்று சுடவேண்டும். ஆர்கேட் இயந்திரம் என்று அதற்குப் பெயர். என்னிடமிருந்த சில்லறை கால்மணி நேரத்தில் முடிந்துபோனது. அன்றிலிருந்து எனக்கு அப்படி ஒன்று வீட்டில் வேண்டும்.

அமெரிக்காவிலும் யப்பானிலும் பலர் இந்தப் பெட்டிகளைப் பழைய கடைகளிலிருந்தும் களஞ்சியங்களிலிருந்தும் தேடி வாங்கி, வீட்டுக் கராஜில் வைத்துத் திருத்துகிறார்கள். எங்கள் ஊருக்குக் கப்பலில் ஒன்றை இறக்குவதென்றால் வீட்டை விற்கவேண்டும். பிறகு ஒரு நாள் அதன் உள்ளமைப்பைப் படித்தபோதுதான் சிரிப்பு வந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரு ரீவிக் குழாய், ஒரு சுற்றுப்பலகை, மின்சாரம் கொடுக்கிற ஒரு பகுதி, கைபிடிக்குக் கீழே சின்னச் சுவிச்சுகள். பல பெட்டிகளில் அந்தக் குழாய் வீட்டு ரீவியில் இருக்கிற அதே வகை. இப்போது படக்குழாய் புதிதாகக் கிடைப்பதே அரிது. அதனால் திருத்துகிறவர்கள் தெருவோரம் எறிந்த ரீவியைக் கண்டால் பொன் கண்டதுபோல ஓடிப்போய்த் தூக்குகிறார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் விறாந்தைக் கூனன் அந்தக் கொழும்புப் பெட்டியின் சொந்தத் தம்பி. எனவே தம்பியையும், அலுமாரிக்கு மேலே கிடந்த ஒரு ரீவி கேமையும் திருத்தத் தொடங்கினேன். 1983 இல் யப்பானின் நின்டெண்டோ கொம்பனி ஃபமிகொம் என்று ரீவியில் செருகி விளையாடுகிற பெட்டி ஒன்றை வெளியிட்டது. எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். என்னுடையதும் நகல்தான்.

திருத்துகிற வேலையில் முதல் பாடம் ஒரு பழைய கதையில் இருக்கிறது. 1972 இல் அட்டாரி என்ற அமெரிக்கக் கொம்பனி ‘பொங்’ என்ற விளையாட்டைச் செய்தது. திரையில் இரண்டு மட்டைகள், ஒரு பந்து, அவ்வளவுதான். செய்தவர் அலன் அல்கோர்ன் என்ற இளம் பொறியியலாளர். முதல் பெட்டியைக் கலிபோர்னியாவில் சனிவேல் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் கடைக்காரர் அழைத்து, இயந்திரம் நின்றுவிட்டது என்றார். அல்கோர்ன் போய்ப் பெட்டியைத் திறந்தார். சுற்று எரியவில்லை, வயர் அறவில்லை. காசு விழுகிற பாத்திரம் நிரம்பி வழிந்து, இனி ஒரு காசும் உள்ளே போக இடமில்லாமல் இருந்தது! அதற்குப் பிறகு நானும் எதைத் திருத்தப் போனாலும் முதலில் பிளக்கைத்தான் பார்க்கிறேன். இரண்டு தரம் அதுவேதான் பழுது.

பொங்கில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதன் மட்டைகள் திரையின் உச்சிவரை போகமாட்டா. சுற்றில் இருந்த ஒரு குறை அது. அல்கோர்ன் பார்த்தார், திருத்தவில்லை. மட்டை எட்டாத இடம் ஒன்று இருந்தால்தானே பந்து தப்பிப் போகும்? எல்லாப் பந்தையும் பிடித்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் முடியுமா? இப்போது ஒருவர் பழைய பொங் ஒன்றை வாங்கி, மட்டை மேலே போகவில்லையே என்று சுற்றை மாற்றினால், அவர் அதைத் திருத்தினாரா, கெடுத்தாரா? இந்தக் கேள்விதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது.

நான் கொழும்பில் கண்ட பூச்சிகளும் அப்படித்தான். அந்த விளையாட்டு ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. 1978 இல் யப்பானின் டைட்டோ கொம்பனிக்காக டொமோஹிரோ நிஷிகாடோ செய்தது. விளையாடியவர்களுக்குத் தெரியும்: பூச்சிகளைச் சுடச் சுட மிச்சப் பூச்சிகள் வேகமாக நகரும். கடைசிப் பூச்சி பைத்தியம் பிடித்ததுபோல ஓடும். நெஞ்சு படபடக்கும். இதை யாரோ மிகக் கெட்டித்தனமாக யோசித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

நடந்தது வேறு. தொடக்கத்தில் திரையில் 55 பூச்சிகள், ஒரு வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசை. உள்ளே இருந்த இன்டெல் 8080 சிப்புக்கு அவ்வளவையும் ஒரே நேரத்தில் நகர்த்தத் தெம்பு இல்லை. ஒரு விநாடியின் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒரு பூச்சியைத்தான் நகர்த்தும். கரையில் 55 தோணிகள் நிற்கின்றன, தள்ளுவதற்கு ஒரே ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக ஒரு முழம் தள்ளி முடிக்க 55 தள்ளு. எல்லாப் பூச்சியும் ஒரு அடி வைக்க ஏறக்குறைய ஒரு விநாடி போய்விடும். 30 பூச்சிதான் மிச்சம் என்றால் அரை விநாடி. ஒன்றே ஒன்று மிஞ்சினால்? அந்த ஆளுக்கு வேறு தோணி இல்லை, அதையே விநாடிக்கு அறுபது தரம் தள்ளுகிறான். நிஷிகாடோ இதைக் கண்டார், ஆட்டம் இப்படித்தான் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

இன்னொன்று கேளுங்கள். அந்தத் திரை கறுப்பு வெள்ளை. ஆனால் நான் பார்த்தபோது கீழே இருந்த பீரங்கி பச்சை! திரையின் மேல் பச்சைக் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தார்கள், வெசாக் கூட்டுக்கு ஒட்டுகிறோமே அதைப்போல. சுட்ட குண்டு மேலே போகும்போது தாளின் எல்லையைத் தாண்டினால் வெள்ளையாகிவிடும். இந்தப் பெட்டியைத் திருத்துகிறவர்கள் சிப்புக்கு அலைவதைப் போலவே சரியான நிறத் தாளுக்கும் அலைகிறார்கள். கலர்த் திரை ஒன்றைப் போட்டுவிட்டால் வேலை லேசுதான். அப்படிச் செய்கிறவரை மற்றவர்கள் மதிப்பதில்லை.

பக்மானின் கதைக்கு உங்களுக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். 1980 இல் நாம்கோ கொம்பனியின் டோரு இவாடானி உருவாக்கிய விளையாட்டு. மஞ்சள் வட்டம் ஒன்று வாயைத் திறந்து மூடிப் புள்ளிகளைத் தின்னும், பேய்கள் துரத்தும். ஒரு கட்டத்தில் உள்ள 244 புள்ளிகளையும் தின்றால் அடுத்த கட்டம். எத்தனையாவது கட்டம் என்பதை இயந்திரம் எட்டுச் சுவிச்சுகளில் எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒன்றில் திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். எட்டுச் சுவிச்சை எத்தனை விதமாக வைக்கலாம்? இரண்டை எட்டுத் தரம் பெருக்குங்கள்: 256. அதாவது 0 முதல் 255 வரை எண்ணலாம். அதற்கு மேலே ஒன்று கூட்டினால், பழைய மோட்டார் சைக்கிளின் கிலோமீற்றர் மீற்றர் எல்லா ஒன்பதும் முடிந்து பூச்சியத்துக்குத் திரும்புவதுபோல, இதுவும் 0 ஆகிவிடும்.

முதலாம் கட்டத்தை அது 0 என்று எழுதும், அதனால் 256 ஆம் கட்டம் 255. திரையின் அடியில் கட்டத்துக்கு ஏற்றபடி பழங்களை வரைகிற பகுதி, அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பார்க்கிறது. 255 உம் 1 உம் சேர்ந்து? பூச்சியம். அதன் கட்டளை இது: ஒரு பழம் வரை, எண்ணிலிருந்து ஒன்றைக் கழி, பூச்சியம் வந்தால் நிறுத்து. பூச்சியத்தில் தொடங்கி ஒன்றைக் கழித்தால் மீற்றர் பின்பக்கமாகச் சுழன்று 255 ஆகிறது. இனிப் பூச்சியம் வரும்வரை வரையவேண்டும். மொத்தம் 256 பழங்கள்! அவ்வளவு பழம் நாம்கோவிடம் இல்லை. கையில் அகப்பட்ட எழுத்தையும் எண்ணையும் எல்லாம் அள்ளித் திரையின் வலப்பாதி முழுக்கக் கொட்டிவிடுகிறது. தின்னப் போதிய புள்ளிகள் இல்லை, அதனால் அடுத்த கட்டம் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து நின்று அதுவரை போனவருக்கு எப்படி இருந்திருக்கும்! நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2012 இல் பக்மானைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அந்தச் சிதறலும் அதோடு சேர்ந்துதான் போயிருக்கிறது.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். இவை எல்லாம் இயல்பு என்றால், பழுது எது?

எங்கள் ஊரில் முதல் எதிரி உப்புக்காற்று. மாரி காலத்தில் குசினியில் உப்புப் போத்தலைப் பார்த்திருக்கிறீர்களா? யாரும் தண்ணீர் ஊற்றாமலே உப்பு அழுதுகொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சி, அதில் தானே கரைந்துவிடும். கடலிலும் வாவியிலும் இருந்து காற்று கொண்டுவருகிற உப்புத் துகள்கள் சுற்றுப்பலகையில் படிந்தால் அங்கேயும் இதேதான். கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்ப் படலம் ஒன்று. பலகையில் செம்பு இருக்கிறது, ஈயம் இருக்கிறது. இரண்டு வேறு உலோகமும் நடுவில் உப்புத்தண்ணீரும் என்றால் அது ஒரு சின்னப் பற்றரி. அந்தப் பற்றரி உலோகத்தையே தின்று ஓடும். செம்பு பச்சை பிடிக்கும், இரும்பு கறள் பிடிக்கும். 1924 இல் திறந்த கல்லடி இரும்புப் பாலத்துக்குப் பெயின்ற் அடித்தார்கள், உப்பு கிட்ட வராமல். என் ரீவி கேமுக்கு யார் அடித்தார்கள்?

போதாக்குறைக்கு நாங்கள் வேறு ஊதினோம். ரீவி கேமில் படம் வராவிட்டால் விளையாட்டு இருக்கிற கசற்றைக் கழற்றி, அதன் வாயில் ‘பூ’ என்று ஊதித் திரும்பச் செருகுவோம். படம் வரும். ஊதியதால்தான் வந்தது என்று அடித்துச் சொல்வோம். உண்மையில் கழற்றித் திரும்பச் செருகும்போது உலோகப் பல்லோடு பல் உரசி அழுக்கு விலகுகிறது, அதனால்தான் வந்தது. ஊதியதால் கிடைத்தது எச்சில், அதாவது நீரும் உப்பும். நின்டெண்டோ கொம்பனியே ஊதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. நான் பஞ்சுக் குச்சியில் ஐசோபுறப்பைல் அற்ககோல் தொட்டு என் கசற்றுகளின் பல்லைத் துடைத்தேன். பஞ்சு கறுத்து வந்தது. அவ்வளவும் என் பிள்ளைகள் ஊதியது, பாதி நான் ஊதியது.

அடுத்த எதிரி பற்றரி. சில ஆர்கேட் பலகைகளில் புள்ளிகளை நினைவில் வைக்க ஒரு பற்றரி ஒட்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது கசிந்து, காரக் கரைசல் செப்புக் கோடுகள் வழியே ஊர்ந்து போய் அவற்றை அரித்துவிடும். திருத்துகிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் வினாகிரி தொட்டு, காரத்தை அமிலத்தால் நடுநிலையாக்கி, பிறகு கழுவிக் காயவைப்பார்கள். உங்கள் வீட்டில் பாவிக்காத டோர்ச் ஒன்று கிடந்தால் இன்றைக்கே பெரியவரைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை மா போல ஏதாவது இருந்தால் நீங்கள் தொடக்கூடாது.

மூன்றாவது கொள்ளளவி. இரண்டு அலுமினியத் தகடு, நடுவில் ஒரு திரவத்தில் ஊறிய தாள், மூன்றையும் பன்பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிச் சின்னத் தகரக் குப்பியில் அடைத்தால் அதுதான் கொள்ளளவி. கூரைத் தண்ணீர்த் தாங்கியின் வேலைதான் அதற்கும். குழாய்த் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் தாங்கி இருந்தால் பைப்பில் ஒழுங்காக வரும் அல்லவா? வீட்டு மின்சாரமும் விநாடிக்கு 100 துடிப்பாகத்தான் சுற்றுக்குள் போகிறது. கொள்ளளவி அதைத் தேக்கி ஒரே சீராக விடும். முப்பது நாற்பது ஆண்டில் உள்ளே இருக்கிற திரவம் காய்ந்து, தாங்கி சின்னக் கிண்ணமாகிவிடும். படம் நெளியும், குறுக்கே கறுப்புப் பட்டை ஊரும், ஒலிபெருக்கி ‘ம்ம்ம்’ என்று முனகும்.

ரீவி கேமின் கொள்ளளவி ஒன்றை மாற்றப்போய் நான் பட்ட வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு கால் நேர், மற்றது மறை. தகட்டின்மேல் இருக்கிற மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. மாறிப் பூட்டினால் அந்தப் படலம் அழியும், உள்ளே சூடேறும், வாயு வரும். எனக்கு இது எல்லாம் தெரியும். தெரிந்தும் கண்ணாடி போடாமல் பூட்டினேன். சுவிச்சை அமத்தி எண்ணி ஐந்து விநாடி, ‘டப்’. குப்பியின் தலை பிளந்து ஒரு புகை. குசினிக்குள் இருந்து பேத்தி கேட்டாள், “அப்பப்பா, கருவாடு பொரிக்கிறீங்களா?” உள்ளதைச் சொன்னால் மணம் கருவாட்டு மணம்தான்.

ரீவிக் கூனனிடம் நான் அப்படித் துணியவில்லை. இதைக் கவனமாகக் கேளுங்கள். கலர்ப் படக்குழாய்க்கு 20,000 வோல்ற்றுக்கு மேலே போகும். குழாயின் கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் மின்கடத்தும் பூச்சு இருப்பதால் குழாயே ஒரு பெரிய கொள்ளளவி. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது தேக்கி வைத்திருக்கும். பழைய ரீவியின் மூடியைப் பிள்ளைகள் ஒருநாளும் கழற்றக்கூடாது, பழகாத பெரியவர்களும் கழற்றக்கூடாது. நானும் கழற்றவில்லை. அந்தத் தொழிலிலேயே தலை நரைத்த நண்பர் ஒருவர் வந்து, தேங்கியிருந்த மின்னை இறக்கி, சுற்றுப்பலகையைத் தனியாகக் கழற்றி மேசையில் வைத்தார். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? மூன்று பல்லி முட்டை ஓடு, ஒரு எறும்புப் பாதை, எப்போதோ தொலைந்த என் மருமகளின் தலைக்கிளிப் ஒன்று.

நண்பர் பேத்தியின் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, பலகையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். நூற்றுக்கணக்கான ஈயப் பொட்டுகள். “வித்தியாசமா ஒண்டு இருக்கு, பாருங்க மகள்.”

எனக்கு எல்லாம் ஒரேமாதிரித் தெரிந்தன. அவள் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து வந்து ஓரிடத்தில் நின்றாள். “இதச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு கோடு.”

அதுதான். ஃபிளைபேக்கின் ஒரு கால். அது வேலை செய்யும்போது சூடேறும், நிறுத்தினால் ஆறும். சூடேறினால் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும். ஆயிரக்கணக்கான இரவு விரிந்து சுருங்கியதில் காலைச் சுற்றி ஈயம் மயிரிழை அளவு வெடித்திருந்தது. மின்சாரத்துக்கு அந்த மயிரிழை ஒரு அகழி. கதிரை இழுக்க ஆளில்லை, நடுக்கம் இல்லை, கீச்சல் இல்லை. நண்பர் பழைய ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வைத்தார். ஒரு நிமிட வேலை. காசு வாங்க மறுத்துத் தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

மூடி பூட்டியாயிற்று. வேறு கொள்ளளவி பூட்டிய ரீவி கேமின் வயரைச் செருகினேன். எல்லோரும் தள்ளி நின்றோம். சுவிச்சை அமத்தினேன். படக்குழாய் சூடாகச் சில விநாடி எடுக்கும், திரை இன்னும் கறுப்பு.

“கேக்குதா புள்ள?”

“கேக்குது! ஊசி மாதிரி! இஞ்ச, காதுக்குள்ள!” இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். பிறகுதான் படம் வந்தது. ஒரு ஓரம் கொஞ்சம் வளைந்திருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை.

விளையாடுவாள் என்று பார்த்தால் அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். வீட்டில் யார் யாருக்குக் கேட்கிறது என்று கணக்கெடுப்பு. ஆறு வயதுத் தம்பிக்கு வாசல் படியில் நின்றே கேட்டதாம். முப்பத்தைந்து வயது அம்மா ரீவிக்குக் கிட்ட வந்து, “கேக்குது போலயும் இருக்கு, இல்லப் போலயும் இருக்கு” என்றாள். கொப்பியில் அதற்கு அரை மாக்ஸ். அப்பாவுக்கு இல்லை. அப்பம்மாவுக்கு இல்லை. எனக்கு நேரே பெரிய பூச்சியம், பக்மானின் 256 ஆம் கட்டம்போல. கடைசி வரியில் ‘பூனை’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பூனைக்கு எங்களைவிட மூன்று மடங்குக்கு மேலே உயர்ந்த மீடிறன்கூடக் கேட்கும். ரீவியின் தலையில் அது இல்லை. எப்போது எழும்பிப் போனது என்று ஒருவரும் காணவில்லை. கிணற்றுக் கட்டில் வாவிப் பக்கம் பார்த்து, காது இரண்டையும் பின்னால் மடித்துக்கொண்டு இருந்தது.